பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்: எது மாறும், எது மாறாது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு அவகாசம். அதன் பிறகு விண்டோஸ் 11-க்குத்தான் போக வேண்டும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் போக முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அந்த 8-ஆம் தலைமுறை வந்ததே 2017-இல்தான். ஆக 2014-இலோ 2015-இலோ வாங்கி, திரையும் கீபோர்டும் இன்னும் நன்றாகவே இருக்கிற லேப்டாப்புகள் ஏராளமாக அந்தரத்தில் நிற்கின்றன.

இந்த நேரம் பார்த்து ஒருவர், "லினக்ஸ் போட்டுக்கோ, புதுசு மாதிரி பறக்கும்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கிறவங்களுக்கு, நமக்கு எதுக்கு" என்பார். மூன்றாவது ஆள், "அதுல வைரஸே வராதே" என்பார். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அப்படியே நம்பி இறங்கினால் மூன்றுமே காலை வாரும். இயங்குதளத்தை மாற்றும்போது கம்ப்யூட்டருக்குள் எது மாறுகிறது, எது அப்படியே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் மெஷினுக்கு இது சரிப்படுமா என்று யாரையும் கேட்காமலே கணித்துவிடலாம்.

## மண்டபமும் மேனேஜரும்

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடம், சமையல்கட்டு, ஸ்டோர் ரூம், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கின்றன. முகூர்த்த நாளில் சமையல்காரர் வருகிறார், நாதஸ்வரக் கோஷ்டி வருகிறது, மேடை அலங்காரம் செய்பவர்கள் வருகிறார்கள், வீடியோக்காரர் வருகிறார். இவர்கள் யாரும் நேராக ஜெனரேட்டர் அறைக்குள் புகுந்து சுவிட்சைத் தட்டுவதில்லை. மண்டப மேனேஜரிடம் கேட்கிறார்கள். எந்த அறை யாருக்கு, எத்தனை மணிக்கு மைக், எந்தப் பக்கம் கரண்ட் இழுக்கலாம் என்று அவர்தான் பிரித்துக் கொடுக்கிறார்.

கம்ப்யூட்டரில் கட்டடமும் ஜெனரேட்டரும்தான் வன்பொருள்: பிராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க், வைஃபை சில்லு போன்றவை. சமையல்காரரும் நாதஸ்வரக்காரரும்தான் செயலிகள்: பிரவுசர், வேர்டு, வீடியோ பிளேயர். நடுவில் நின்று வன்பொருளைச் செயலிகளுக்குப் பங்கிட்டுத் தருகிற மேனேஜர்தான் இயங்குதளம். விண்டோஸ் ஒரு மேனேஜர், லினக்ஸ் இன்னொரு மேனேஜர்.

இதிலிருந்தே பாதி விஷயம் விளங்கிவிடும். மேனேஜரை மாற்றினால் மண்டபம் பெரிதாகாது. பழைய மேனேஜர் தன் ஆட்களுக்கென்று நாலு அறைகளை அடைத்துக்கொண்டு இருந்தார், புதியவர் ஒரே அறையில் இருந்துகொள்கிறார் என்றால் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். பழைய மேனேஜரிடம் மட்டுமே வேலை செய்து பழகிய சமையல்காரர், புதியவர் வந்ததும் வராமலே போகலாம். ஸ்டோர் ரூமில் நீங்கள் வைத்திருக்கிற சாமான்கள் உங்களுடையவை; ஆனால் புதியவர் வந்த அன்றே "எல்லாவற்றையும் காலி செய்து கழுவிவிடவா?" என்று கேட்பார். யோசிக்காமல் தலையாட்டினால் போச்சு.

## லினக்ஸ் என்று எதைச் சொல்கிறோம்

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது முழு இயங்குதளம் அல்ல, ஒரு கெர்னல். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம்: வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது, ரேமைப் பங்கிடுவது, எந்தச் செயலி எப்போது ஓடலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை. அதைச் சுற்றி வேண்டிய மற்ற கருவிகளில் பலவற்றை, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டம் அதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது முழு இயங்குதளம் கிடைத்தது.

இவை திறமூல மென்பொருள்கள். அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமமே அனுமதிக்கிறது. அந்த அனுமதி இருப்பதால்தான் ஆளாளுக்குக் கெர்னலை எடுத்து, தங்களுக்குப் பிடித்த கருவிகளைச் சேர்த்து, தயார் நிலையில் கட்டிக் கொடுக்க முடிகிறது. அப்படிக் கட்டித் தரும் தொகுப்புக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். டெபியன் 1993-இலிருந்து இருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் லினக்ஸ் மின்ட் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான்.

கறுப்புத் திரை பயத்துக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஐகான்கள், மெனு, ஜன்னல்கள் எல்லாம் தருகிற பகுதியை டெஸ்க்டாப் சூழல் என்பார்கள். விண்டோஸில் அது இயங்குதளத்தோடு ஒட்டியே வரும். லினக்ஸில் அது கழற்றி மாட்டக்கூடிய தனிப்பகுதி. மின்ட்டையே சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று டெஸ்க்டாப்களில் தருகிறார்கள். மூன்றிலும் கீழே இடது மூலையில் மெனு இருக்கும். விண்டோஸ் 7 பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். கமாண்ட் அடிப்பது இன்றைக்கும் உண்டு. ஆனால் மெயில் பார்த்து, கடிதம் அடித்து, படம் பார்க்கிறவர்களுக்கு அது அரிதாகவே தேவைப்படும்.

இதுவரை வந்தது இதுதான்: இயங்குதளம் நடுவில் நிற்பது, அதன் உள்மையம் கெர்னல், கெர்னலோடு கருவிகளையும் டெஸ்க்டாப்பையும் சேர்த்துக் கட்டித் தருவது டிஸ்ட்ரோ. நீங்கள் இறக்கி நிறுவப் போவது ஒரு டிஸ்ட்ரோவை.

## வேகம் எங்கே போகிறது

அதிகம் பேசப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பழைய கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்பது பெரும்பாலும் தவறான பதில். 2014-இல் வேலை செய்த அதே வேகத்தில்தான் அது இன்றும் கணக்குப் போடுகிறது. மாறியது, அதன்மேல் ஏற்றப்படும் சுமை.

ஸ்டோர் ரூமில் எவ்வளவு அரிசி இருந்தாலும், சமைக்க வேண்டியதைச் சமையல் மேடைக்குக் கொண்டுவந்தால்தான் வேலை நடக்கும். ஹார்ட் டிஸ்க் ஸ்டோர் ரூம்; ரேம் அந்த மேடை. திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியும் மேடையில் இடம் பிடிக்கிறது. மேடை நிரம்பிவிட்டால் இயங்குதளம் ஒரு தந்திரம் செய்கிறது: இப்போதைக்குத் தேவையில்லாததை எடுத்து டிஸ்க்கில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். நீங்கள் ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குத் தாவும்போது கம்ப்யூட்டர் பத்து விநாடி மூச்சுமுட்டி நிற்கிறதே, பெரும்பாலும் அது இந்த எடுத்து வைக்கும் வேலைதான்.

பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க் என்றால் கதை இன்னும் மோசம். அதில் ஒரு சின்ன ஊசி தட்டின் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தேட வேண்டும். சிதறிக் கிடக்கும் சிறு சிறு தகவல்களை விநாடிக்கு நூறு இடங்களில் தேடுவதே அதற்குப் பெரும்பாடு. எஸ்எஸ்டி என்பது நகரும் பாகமே இல்லாத சேமிப்பகம்; அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் 10 பின்னணியில் ஓடவிடும் தேடல் பட்டியலிடுதல், வைரஸ் சோதனை, அப்டேட் இறக்கம் எல்லாம் அந்த ஒற்றை ஊசியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஆன் செய்து ஐந்து நிமிடம் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதன் காரணம் இது.

லினக்ஸ் இதில் என்ன செய்கிறது? பின்னணி வேலைகள் குறைவு. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் எதுவும் திறக்காத நிலையில் சுமார் 1 ஜிபி ரேமில் அடங்கிவிடும். 4 ஜிபி மெஷினில் மிச்சம் 3 ஜிபி உங்களுக்கு. ஊசிக்கும் ஓய்வு கிடைக்கும். ஆன் ஆவதும் ஃபோல்டர் திறப்பதும் நிச்சயமாகச் சுறுசுறுப்பாகும்.

அதோடு சரி. பிரவுசரைத் திறந்த கணமே கதை மாறுகிறது. குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ லினக்ஸில் இருந்தாலும் விண்டோஸில் இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு ரேமைத்தான் விழுங்கும். இன்றைய இணையதளங்களின் கனம் அப்படி. மிச்சமான அந்த இடத்தை ஏழெட்டு டேபுகள் தின்று தீர்த்துவிடும். யூடியூப் இன்னொரு உதாரணம். அது வீடியோக்களை விபி9, ஏவி1 போன்ற புதிய முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. இவற்றை விரிக்கும் தனிச் சுற்று பழைய சில்லுகளில் இல்லாததால் மொத்த வேலையும் பிராசஸர் தலையில் விழுகிறது. விசிறி கத்துவது அதனால்தான். இயங்குதளத்தை எத்தனை தடவை மாற்றினாலும் இல்லாத சுற்று முளைக்காது. 480பி-க்கு இறக்கிப் பார்ப்பது ஒரு வழி.

என்னைக் கேட்டால், கையில் இருப்பது 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள மெஷின் என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றிவிட்டு, முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்கிவிட்டு, பிறகு லினக்ஸைப் பற்றி யோசிப்பதே முறை. லினக்ஸ் ஆர்வலர்கள் இதைச் சொல்லக் கொஞ்சம் தயங்குவார்கள். ஆனால் எஸ்எஸ்டி தரும் வேகத்தை எந்த டிஸ்ட்ரோவும் தராது. லினக்ஸின் உண்மையான லாபம் வேறு: கைவிடப்பட்ட மெஷினுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மறுபடி வரத் தொடங்கும்.

## சுவிட்சைத் தட்டியதும் நடப்பது

பவர் பட்டனை அழுத்தியதும் உடனே விண்டோஸ் எழுவதில்லை. முதலில் மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் விழிக்கிறது. பழைய மெஷின்களில் அது பயாஸ், 2012-ஐ ஒட்டி வந்தவை முதல் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ. அது ரேம் இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எந்தச் சேமிப்பகத்திலிருந்து இயங்குதளத்தை எடுக்கட்டும்?" என்று தன்னிடம் உள்ள வரிசையைப் பார்க்கும். வரிசையில் முதலில் இருப்பதிலிருந்து பூட்லோடர் என்ற சிறு நிரலை எடுத்து ஓடவிடும். பூட்லோடர் கெர்னலை ரேமுக்குக் கொண்டுவரும். அதன் பிறகுதான் லாகின் திரை.

இந்த வரிசையை நாம் மாற்றலாம் என்பதுதான் முழு வித்தைக்கும் சாவி. ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற ஒரு பட்டனைத் தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) "டிஸ்க்கை விடு, இந்தப் பென் டிரைவிலிருந்து எடு" என்று சொல்லலாம். பென் டிரைவில் முழு லினக்ஸும் இருந்தால், அது டிஸ்க்கைத் தொடாமலே ரேமில் ஓடும். இதுதான் லைவ் யுஎஸ்பி. டிஸ்ட்ரோவின் இணையதளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவில் சும்மா காப்பி செய்தால் போதாது. பூட்லோடரும் சரியான இடத்தில் உட்கார வேண்டும். ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற கருவிகள் அதைச் செய்யும். எழுதும்போது பென் டிரைவில் இருந்தது எல்லாம் அழியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

லைவ் முறையில் ஒரு மாலை நேரம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் மறுபடி எழுகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா. ஒவ்வொரு வன்பொருளையும் எப்படி இயக்குவது என்று கெர்னலுக்குச் சொல்லித் தரும் நிரல் டிரைவர். பெரும்பாலானவை கெர்னலோடே வந்துவிடும், ஆகவே பழைய மெஷினில் சிடி தேடி அலைய வேண்டாம். சில பிராட்காம் வைஃபை சில்லுகள் முரண்டு பிடிக்கும். அப்போது போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் மூலம் இணையம் கொடுத்து, அதற்கான டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் தொல்லை தராது. நம் ஊர் ஆஃபீஸ்களில் அடிக்கடி கண்ணில் படுகிற கேனன் எல்பிபி 2900 அப்படியல்ல. அது கேனனின் சொந்த முறையில் பேசுவதால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் லைவ் முறை கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். அந்த வேகத்தை வைத்து எடைபோட வேண்டாம்.

சுருக்கமாக, லைவ் யுஎஸ்பி என்பது எதையும் இழக்காமல் சோதித்துப் பார்க்கும் வழி. "நிறுவு" என்ற பட்டனை அழுத்தி மேலே போகும்வரை உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது.

## அழிப்பதும் பங்கிடுவதும்

அந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு முக்கியமான கேள்வி வரும்: டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா, இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா? டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது பார்ட்டிஷன். பக்கத்தில் நிறுவினால் ஆன் செய்யும்போது பூட்லோடர் ஒரு பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இப்படித்தான் அக்கம்பக்கமாக இருந்தது. அந்தப் பட்டியலில் விண்டோஸைத் தவிர வேறெதையும் தொட்டே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்குக் கோப்பு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே கை வையுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னால் அந்தப் பகுதியைத் திறக்க முடியாமல் போகலாம். ஃபைல்களைப் பற்றிய இன்னொரு பயம் தேவையில்லாதது: பிடிஎஃப், ஜேபெக், எம்பி3, எக்செல் எல்லாம் இயங்குதளத்துக்குச் சொந்தமானவை அல்ல. லினக்ஸிலும் திறக்கும்.

## வராமல் போகும் சமையல்காரர்கள்

ஃபைல் திறக்கும், ஆனால் அதைத் திறந்த செயலி வராது. ஒரு செயலி வேலை செய்யும்போது இயங்குதளத்திடம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: இந்த ஃபைலைத் திற, இங்கே ஒரு ஜன்னல் வரை, இவ்வளவு ரேம் கொடு. விண்டோஸில் கேட்கும் விதம் வேறு, லினக்ஸில் வேறு. அதனால்தான் விண்டோஸுக்கு எழுதிய டாலியோ ஃபோட்டோஷாப்போ கோரல் டிராவோ லினக்ஸில் நேராக ஓடாது. ஒயின் என்றொரு மென்பொருள் நடுவில் நின்று கேள்விகளை மாற்றிச் சொல்லும்; சில செயலிகள் அதில் நன்றாக ஓடும், சில பாதியில் கவிழும். பிழைப்பே டாலியிலோ டிடிபியிலோ என்றால் ஒயினை நம்பித் தொழிலை மாற்றாதீர்கள். அந்த ஒரு மெஷின் விண்டோஸிலேயே இருக்கட்டும்.

மற்றவர்களுக்குப் பெரிய குறை தெரியாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, ஜூம் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. வேர்டு, எக்செல் இடத்தில் லிப்ரே ஆஃபீஸ். தமிழ் அடிக்க விண்டோஸில் பழகிய என்எச்எம் ரைட்டர் போன்றவை வராது. ஆனால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு லினக்ஸோடே வருகிறது. கீபோர்டு அமைப்புகளில் போய்த் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து நிறுவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பது போலத்தான் திரையில் தெரியும்.

## வைரஸ் வராதா

வரும். குறைவாக வரும், அதற்குக் காரணங்கள் உண்டு. வீட்டு டெஸ்க்டாப்புகளில் லினக்ஸின் பங்கு சிறியது என்பதால் சாதாரண மோசடிக்காரர்கள் அதைக் குறிவைப்பதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: விண்டோஸில் ஏதோ ஒரு தளத்தில் ஏதோ ஒரு டவுன்லோட் பட்டனை அழுத்தி மென்பொருள் இறக்குகிறோம். லினக்ஸில் பெரும்பாலானவற்றை ரெப்போசிட்டரியிலிருந்து எடுக்கிறோம். டிஸ்ட்ரோவே தொகுத்து, டிஜிட்டல் கையொப்பமிட்டுப் பராமரிக்கும் மென்பொருள் களஞ்சியம் அது. கையொப்பம் பொருந்தாவிட்டால் நிறுவாது.

அந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே நஞ்சு கலக்க ஒரு முயற்சி நடந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் பராமரிப்பாளராக மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதில் ரகசிய வாசல் ஒன்றை வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து லாகின் செய்ய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதில் அது வெளிப்பட்டது. நிரல் திறந்து கிடந்ததால்தான் வெளியாள் ஒருவர் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. அதே திறந்த தன்மையால்தான் அந்த ஆளும் உள்ளே வர முடிந்தது. போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லை நீங்களே அடித்துக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் தடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த மெஷினுக்கு எது

64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போதும். 8 ஜிபி இருந்தால் சினமன் அழகாக இருக்கும். 2 ஜிபி மெஷினில் மின்ட் ஏறும், பிரவுசர் திணறும். பாட்டுக் கேட்க, கடிதம் அடிக்க என்று வைத்துக்கொள்ளலாம்.

32 பிட் மட்டுமே தெரிந்த மெஷின்களுக்கு, அதாவது பழைய ஆட்டம் நெட்புக்குகள், பெண்டியம் 4 காலத்து டெஸ்க்டாப்புகள் போன்றவற்றுக்கு, லினக்ஸ் உலகமும் கதவைச் சாத்திக்கொண்டே வருகிறது. லினக்ஸில் 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல் நிறுத்தியது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் மெஷினுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. சில சிறிய டிஸ்ட்ரோக்கள் இன்னும் தாங்கிப் பிடிக்கின்றன. ஆனால் புதுப்பிப்பு வராத பிரவுசரோடு அதில் வங்கி வேலை பார்ப்பது நல்லதல்ல.

நிறுவிய பிறகு மின்ட்டின் கீழ்ப்பட்டையில் கேடயம் போல ஒரு ஐகான் இருக்கும். புதுப்பிப்பு வந்தால் அது காட்டும். அழுத்தினால் கெர்னல் முதல் பிரவுசர் வரை எல்லாம் ஒரே இடத்தில் புதுப்பிக்கப்படும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை இது வரும்.